நோய்ச் செய்திகளைப் பகிரும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்ததானத் தொண்டர் குழு ஒன்றில் பல ஆண்டுகளாகத் தொலைபேசி அழைப்புகளைக் கவனித்து வருகிறேன். ரத்தம் கேட்டு வரும் அழைப்புகள் ஒருபுறம் இருக்க, "இப்படி ஒரு செய்தி வந்திருக்கிறது, உண்மையா, மற்றவர்களுக்கு அனுப்பலாமா?" என்று கேட்பவர்களும் ஏராளம். கேட்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள். யாருக்காவது உதவிவிட வேண்டும் என்று தவிப்பவர்கள். அவர்கள் மனம் நோகாமல், அதே சமயம் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கூடிய வரை கேட்டவர்களின் சொற்களிலேயே தந்திருக்கிறேன்.

1. நோய் பற்றிய செய்தி என்றாலே உணர்ச்சி இருக்கத்தானே செய்யும்? அதில் என்ன தவறு?

உணர்ச்சி இருப்பதில் தவறே இல்லை. "அப்பாவுக்கு நாளைக் காலை அறுவை சிகிச்சை. இரவெல்லாம் தூக்கமில்லை. எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் எழுதினால் அது அவருடைய மனம். அதைப் படித்து நாம் கலங்குவது இயல்பு. "இந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகும் பகிராமல் போகிறவருக்கு இதயமே கிடையாது" என்று வருவது வேறு வகை. அதில் எழுதியவரின் துயரம் எங்குமே தென்படாது. படிப்பவரின் மனத்தைக் கிளறி, அந்தச் சூட்டிலேயே ஒரு காரியத்தை முடித்துக்கொள்ளும் கணக்குதான் தெரியும்.

இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். உண்மையான துயரமும் இந்தக் கணக்கும் ஒரே செய்தியில் கலந்து வருவதும் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது; கீழே அதற்கும் வருகிறேன்.

2. எந்தெந்த உணர்ச்சியைத் தொட்டு எழுதுகிறார்கள்? பரிதாபம் மட்டும்தானா?

பரிதாபம் ஒன்று மட்டும் இல்லை. மனத்தில் எழுந்து உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான மெய்ப்பாடுகள் எட்டு என்கிறது தொல்காப்பியம்: நகை, அழுகை, இளிவரல் (அருவருப்பு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). நகையை விட்டுவிட்டால் மற்ற ஏழையும் நோய்ச் செய்திகளில் காட்ட முடியும். குழாய்கள் செருகிய குழந்தையின் படம் அழுகைக்கு. "நீங்கள் தினமும் பயன்படுத்தும் இந்தப் பொருளில் புற்றுநோய் ஒளிந்திருக்கிறது" என்பது அச்சத்துக்கு. "மருந்து நிறுவனங்கள் இதை உங்களிடமிருந்து மறைத்துவிட்டன" என்பது வெகுளிக்கு. "மருத்துவர்களே வாயடைத்துப் போனார்கள்" என்பது மருட்கைக்கு. புண்ணையும் கட்டியையும் நெருக்கமாகக் காட்டுவது இளிவரலுக்கு; அந்த இளிவரல் பிறக்கும் இடங்களில் ஒன்றாகப் பிணியைத் தொல்காப்பியமே சொல்கிறது. "முற்றிலும் குணமானார்" என்ற புன்னகைப் படம் உவகைக்கு. பெருமிதத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. அது பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்று கொடை. பகிர் என்ற பொத்தானை அழுத்தியதும் மனத்தில் லேசாக ஒரு நிறைவு வருகிறதே, எதையோ கொடுத்துவிட்டது போல, அதுதான் அது.

2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்தித் தொடர்களை எடுத்துப் பார்த்தது. நோய் மட்டுமல்ல, எல்லாத் துறைச் செய்திகளும் அதில் அடக்கம். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகமாக இருந்தது. பொய்க்கு வந்த மறுமொழிகளில் வியப்பும் அச்சமும் அருவருப்பும் தூக்கலாகத் தெரிந்தன. உண்மைக்கு வந்தவற்றில் சோகம், எதிர்பார்ப்பு, மகிழ்ச்சி, நம்பிக்கை.

சோகம் உண்மையின் பக்கம் நிற்பதைக் கவனியுங்கள். 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஏறத்தாழ 7,000 கட்டுரைகளில் எவற்றை வாசகர்கள் அதிகமாகப் பிறருக்கு அனுப்பினார்கள் என்று பார்த்தது. வியப்பு, கோபம், பதற்றம் ஊட்டியவை அதிகம் பகிரப்பட்டன. வெறும் சோகம் ஊட்டியவை அவ்வளவாகப் பகிரப்படவில்லை. சோகம் நம்மை ஒடுங்கி உட்காரவைக்கும், விரலை அசைப்பது பதைப்பு. அதனால்தான் பரிதாபப் படத்துக்குக் கீழே எப்போதும் "இன்றே", "உடனே", "கல்நெஞ்சக்காரர்கள்" போன்ற சொற்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

3. படித்ததும் அழுதுவிட்டேன். பொய்யாக இருந்தால் இவ்வளவு தூரம் மனத்தைத் தொடுமா?

தொடும். கதை கேட்டு அழாதவர் உண்டா? உங்கள் கண்ணீர் உங்கள் மனம் இளகியது என்பதைக் காட்டுகிறது. செய்தியில் சொன்னது நடந்ததா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

ஒரு முகம், ஒரு பெயர், ஒரு வயது என்று வந்தால் மனம் கூடுதலாக இளகும் என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், பசியால் வாடும் ஒரு சிறுமியின் கதையைச் சிலருக்கும், பல லட்சம் பேரின் பசியைப் பற்றிய புள்ளிவிவரத்தைச் சிலருக்கும், இரண்டையும் சேர்த்து வேறு சிலருக்கும் கொடுத்து நன்கொடை கேட்டார்கள். சிறுமியின் கதையை மட்டும் படித்தவர்கள், புள்ளிவிவரம் படித்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு கொடுத்தார்கள். இரண்டையும் படித்தவர்களின் கையோ சுருங்கிவிட்டது. மனித மனம் அப்படி அமைந்திருக்கிறது, அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் செய்தி எழுதுகிறவருக்கும் இது தெரியும் என்பதை மறக்காதீர்கள்.

4. பொய்யாகவே இருக்கட்டும். பகிர்ந்தால் என்ன நஷ்டம்? உண்மையாக இருந்தால் ஓர் உயிர் பிழைக்குமே?

இந்தக் கேள்விதான் எனக்கு மிக அதிகமாக வருகிறது. கேட்பவரின் நல்ல மனத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் நஷ்டம் உண்டு, அதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை, மூன்று வயதுக் குழந்தைக்கு அரிய வகை ரத்தம் தேவை என்று ஒரு செய்தி வந்தது. "இன்று இரவுக்குள்" என்று இருந்தது. கீழே ஒரு தொலைபேசி எண். அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்த தந்தை, நான் வாய் திறப்பதற்குள், "தேவை முடிந்துவிட்டது, நன்றி" என்றார். பல நூறு முறை சொல்லித் தேய்ந்துபோன குரல். "குழந்தை நலம்தானே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சற்று நேரம் மறுமுனையில் ஒன்றும் இல்லை. பிறகு, "இரண்டு வருடம் ஆகிறது" என்றார். அந்த இரண்டு வருடமும், குழந்தையைக் காப்பாற்ற நினைத்த நல்லவர்கள் நாள்தோறும் அவரை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியாக அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு எந்தக் குழுவிலிருந்து வந்தது? முடிந்தால் அங்கே ஒரு வரி எழுதிவிடுங்கள்."

அது பொய்ச் செய்தி அல்ல என்பதைப் பாருங்கள். எழுதிய அன்று ஒவ்வொரு சொல்லும் உண்மை. இணையம் பரவுவதற்கு முன்பே இப்படி நடந்திருக்கிறது. 1989இல் மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்ட ஒன்பது வயது பிரிட்டன் சிறுவன் ஒருவனுக்காக, உலகச் சாதனை படைக்கும் அளவுக்கு வாழ்த்து அட்டைகள் அனுப்புங்கள் என்று ஒரு வேண்டுகோள் கிளம்பியது. சாதனையும் நிகழ்ந்தது. 1991இல் அறுவை சிகிச்சை வெற்றி பெற்றுச் சிறுவன் பிழைத்தும்விட்டான். அதற்குள் 3 கோடிக்கு மேல் அட்டைகள் குவிந்திருந்தன. போதும், நிறுத்துங்கள் என்று குடும்பம் கேட்டுக்கொண்ட பிறகும் அட்டைகள் நிற்கவில்லை. வேண்டுகோள் தொலைநகலுக்கும் மின்னஞ்சலுக்கும் தாவி, விவரங்கள் திரிந்து, அவன் வளர்ந்து பெரியவனான பிறகும் சுற்றியது. கிளப்பிவிடுவது எளிது, திரும்ப அழைப்பது முடியாது.

5. ரத்தம் அவசரம் என்கிறார்கள். சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உயிர் போய்விடாதா?

சரிபார்க்க ஒரே ஒரு அழைப்பு போதும். அதற்கு முன்பு செய்தியைப் பாருங்கள்: தேதி இருக்கிறதா? எந்த மருத்துவமனை, எந்த ஊர் என்று தெளிவாக இருக்கிறதா? "இன்று", "நாளை" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த ஆண்டின் இன்று என்று யாராலும் சொல்ல முடியாது. நான் வேண்டுகோள் எழுதித் தரும் ஒவ்வொருவரிடமும் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் போடச் சொல்லிக் கெஞ்சுவது இதனால்தான். அழைப்பதும் குடும்பத்தினரை அல்ல, முடிந்தவரை மருத்துவமனையின் ரத்த வங்கியை. நாலாவது கேள்வியில் சொன்ன தந்தையைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு அழைப்பாவது மிச்சமாகும்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. நீங்கள் கொடுக்கும் ரத்தம் நேராக நோயாளியின் உடலுக்குள் போவதில்லை. தொற்றுகள் உண்டா என்று பரிசோதித்த பிறகே ஏற்றுவார்கள். ஆகவே நெருக்கடி நேரத்தில் பெரும்பாலும் உயிர் காப்பது ஏற்கெனவே வங்கியில் இருக்கும் ரத்தம். சிவப்பணுக்களைக் குளிரூட்டி 42 நாள் வரை வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) ஆயுள் ஏறத்தாழ 5 நாள்தான். யாரும் கெஞ்சாத சாதாரண நாளில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவரைத்தான் நான் பெரிய கொடையாளி என்பேன்.

6. ஒவ்வொரு பகிர்வுக்கும் இந்த நிறுவனம் குழந்தையின் சிகிச்சைக்குப் பணம் தரும் என்று போட்டிருக்கிறதே?

தராது. தனிப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதை எண்ணிக் கணக்குப் பார்த்துப் பணம் தரும் ஏற்பாடு எதுவும் இல்லை. அந்தப் படத்தில் இருக்கும் குழந்தை வேறு யாருடைய பக்கத்திலிருந்தோ எடுக்கப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அழித்துவிடுங்கள்.

7. ஒன்றிரண்டு அல்ல, ஐந்தாறு குழுக்களிலிருந்து வந்தது. இத்தனை பேருமா ஏமாந்திருப்பார்கள்?

அந்த ஐந்தாறு பேரும் தனித்தனியே விசாரித்து அனுப்பியிருந்தால் உங்கள் வாதம் சரி. அவர்கள் எல்லோரும் ஒரே செய்தியை வாங்கி ஒரே செய்தியைக் கைமாற்றியிருக்கிறார்கள். அது ஆறு சாட்சி அல்ல. ஒரே சாட்சியின் ஆறு எதிரொலி. ஒரு கூற்றை மீண்டும் மீண்டும் கேட்டால் அது உண்மையாகவே தோன்றத் தொடங்கும் என்று 1977இலேயே உளவியல் ஆய்வு ஒன்று காட்டியது. நோய் விஷயத்தில் இது இன்னும் ஆபத்து; பயத்தோடு கேட்டது மறக்கவும் மறக்காது.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு "பலமுறை பகிரப்பட்டது" என்று வந்தால், அது ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறி வந்தது என்று பொருள். அத்தகைய செய்தியை ஒரு சமயத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் அந்நிறுவனம் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு இவ்வகைச் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாகவும் அறிவித்தது. யாரையும் தடுக்கவில்லை, ஒவ்வொன்றாக அனுப்பும் சின்ன சிரமத்தைத்தான் சேர்த்தார்கள். அந்த அளவுக்கு, யோசிக்காமல் நடந்துகொண்டிருந்த வேலை அது.

8. அனுப்பியது என் சொந்தச் சித்தி. கீழே பெரிய மருத்துவமனையின் பெயரும் இருக்கிறது. அதையும் நம்பக்கூடாதா?

சித்தியை நம்புங்கள். சித்தியின் அன்பில் சந்தேகமே வேண்டாம். ஆனால் சித்தி அதை எழுதவில்லை. அன்பு காரணமாக அனுப்பினார் என்பதும், அனுப்பியது சரியான தகவல் என்பதும் வேறு வேறு. "இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று அன்பாகக் கேட்டால் பாதி நேரம் "தெரியாதே, குழுவில் வந்தது" என்பதே பதிலாக இருக்கும்.

மருத்துவமனைப் பெயரைப் பொறுத்தவரை, யார் பெயரை வேண்டுமானாலும் யாரும் தட்டச்சு செய்துவிடலாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை புற்றுநோய் பற்றிச் சொன்னதாக ஒரு நீண்ட மின்னஞ்சல் பல ஆண்டுகள் உலகைச் சுற்றியது. எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அவர்களே மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. மருத்துவமனையின் இணையதளத்துக்கே போய் அந்தத் தகவல் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

9. பணமே கேட்கவில்லையே! பணம் கேட்காதவர் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?

பணம் ஒன்றுதான் ஆதாயம் என்று நினைக்கிறோம். நோயுற்ற குழந்தையின் படத்தைப் போட்டு லட்சக்கணக்கான விருப்பக்குறிகளைச் சேர்த்துவிட்டு, கூட்டம் சேர்ந்ததும் அதே பக்கத்தில் வேறு சரக்கை விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே நம் இரக்கமே முதலீடு.

வேறொரு வகை இதைவிட வேதனையானது. இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லி, இணையத்தில் கிடைக்கும் ஆறுதலுக்காகவே அதை மாதக்கணக்கில் வளர்த்துச் செல்பவர்கள் உண்டு. மார்க் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 2000ஆம் ஆண்டிலேயே இதை விவரித்து, இணைய வழி முன்சாசன் என்று பெயரிட்டார்; நோய் இருப்பதாக நடிக்கும் மனநலக் கோளாறுக்கு முன்சாசன் என்று பெயர். அப்படிப்பட்டவருக்கும் உதவி தேவைதான். அவர் சொல்லும் நோய்க்கான உதவி அல்ல, வேறு உதவி. உண்மை தெரிந்ததும் எல்லோரும் சேர்ந்து அவரைத் தூற்றுவதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் அவரிடம் ஏமாந்த உண்மையான நோயாளிகளின் வலி பெரிது. அவர்கள் தங்கள் கடைசிப் பலத்தைத் திரட்டி அவருக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள்.

10. ஒருவர் தன் சொந்த அனுபவத்தை எழுதுகிறார். "நான் பிழைத்தேன், நீங்களும் பிழைப்பீர்கள்" என்கிறார். அனுபவத்தையே பொய் என்பீர்களா?

அனுபவத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அவர் பிழைத்திருக்கலாம். எதனால் பிழைத்தார் என்று அவர் சொல்லும் காரணத்தைத்தான் கேள்வி கேட்கிறேன். அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மருந்தும் எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு கஷாயமும் குடித்தவர், கஷாயத்தைப் பற்றி மட்டும் எழுதுவார். பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல. தானே தேடிக் கண்டுபிடித்ததில் மனிதருக்குப் பற்று அதிகம். அதே கஷாயத்தைக் குடித்தும் இறந்துபோனவர்கள் எழுத வர முடியாது. நம் கைபேசிக்கு வருவதெல்லாம் பிழைத்தவர்களின் குரல் மட்டும்.

நம்பிக்கை ஊட்டும் செய்தியை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. என் கணக்கில் அச்சமூட்டுவதைவிட அதுதான் ஆபத்து. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, உடலின் பிற பகுதிகளுக்குப் பரவாத நிலையிலிருந்த மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோயாளிகளைப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று முறையை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேருக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இறப்பு அபாயம் 2.5 மடங்காக இருந்தது. பொதுவாகச் சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அவர்கள். 2021இல் வெளியான இன்னோர் ஆய்வில், சமூக ஊடகங்களில் மிகப் பிரபலமான 200 புற்றுநோய்க் கட்டுரைகளை வல்லுநர்கள் படித்துப் பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் தவறான தகவல் இருந்தது. தவறானவைதான் சரியானவற்றைவிட அதிக வரவேற்பும் பெற்றிருந்தன.

அனுபவமே புனைவாக இருந்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெல் கிப்சன், தன் மூளைப் புற்றுநோயை உணவு முறையாலும் இயற்கை வழிகளாலும் கட்டுப்படுத்தியதாகச் சொல்லிப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தார். தனக்குப் புற்றுநோய் வந்ததே இல்லை என்று 2015இல் ஒப்புக்கொண்டார். 2017இல் நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அவரை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர் யாரேனும் இருந்தால், அந்த நாள்களை எந்த அபராதத்தாலும் திருப்பித் தர முடியாது.

11. கொஞ்சம் பயமுறுத்தினால்தானே மக்கள் திருந்துவார்கள்? நல்லதற்காகப் பயம் காட்டலாம் அல்லவா?

பயம் பயன்படும், கூடவே வழியும் காட்டினால். "முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்து விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசர ஊர்தியை அழையுங்கள்" என்பதும் பயமூட்டும் செய்திதான். ஆனால் அது சரியான தகவல். உடனே செய்யக்கூடியதைச் சொல்கிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் அந்தப் பதற்றத்துக்கு நியாயமும் உண்டு. வழியே காட்டாமல் பயத்தை மட்டும் ஏற்றினால் மனிதர் திருந்துவதில்லை, காதைப் பொத்திக்கொள்கிறார். மார்பில் கட்டி தென்பட்டும் பரிசோதனைக்குப் போகப் பயந்து மாதக்கணக்கில் மறைத்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன்.

தவறான வழி காட்டும் பயம் எல்லாவற்றிலும் மோசம். "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் தொடர்ந்து பலமாக இருமுங்கள்" என்ற செய்தி 1999 முதல் சுற்றுகிறது. பத்துப் பேருக்கு அனுப்பினால் ஓர் உயிராவது பிழைக்கும் என்ற வரியும் அதோடு சேர்ந்தே வந்தது. இதயத்துடிப்பு தடுமாறும் சில நோயாளிகளை, மருத்துவர் பக்கத்திலிருந்து கருவியில் பார்த்துக்கொண்டே இருமச் சொல்வது உண்டு. வீட்டில் தனியாக இருப்பவருக்கான முதலுதவி அல்ல அது. அமெரிக்க இதயச் சங்கம் அதைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவசர உதவி எண்ணை அழைத்திருக்கலாம்.

12. நோயாளியின் படத்தைப் போட்டால்தான் பணம் சேருகிறது. போடுவதில் என்ன தப்பு?

சேருகிறது என்பது உண்மை. மூன்றாவது பதிலில் காரணத்தைச் சொன்னேன். ஆனால் படுக்கையில் கிடப்பவரிடம் கேட்டீர்களா? முடி கொட்டி, உடல் மெலிந்து, ஆடை விலகிக் கிடக்கும் கோலத்தை ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று சொல்லக்கூடியவர் யார்? குணமாகி எழுந்த பிறகும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். குழந்தையாக இருந்தால், நாளை அது பள்ளியில் தன் பெயரைத் தேடும் வயது வரும்போதும் இருக்கும். நல்ல நாளில் எடுத்த, சிரித்த முகப் படம் ஒன்றைப் போடுங்கள். போதும். அடுத்தவர் வீட்டு நோயாளியின் படத்தை, அவர்கள் கேட்காமல் நீங்கள் போடவே கூடாது.

13. வீட்டுப் பெரியவர் ஒருவர் குடும்பக் குழுவில் தப்பான மருத்துவச் செய்தியைப் போட்டுவிட்டார். அவர் மனம் புண்படாமல் எப்படிச் சொல்வது?

எல்லோர் முன்னிலையிலும் "இது பொய்" என்று ஒற்றை வரியில் போடாதீர்கள். செய்தியைவிட மானம் பெரிதாகிவிடும். பிறகு அவர் அதைக் காப்பாற்றத்தான் பேசுவார். முதலில் தனியாக அழையுங்கள். "எங்கள் மேல் அக்கறைப்பட்டு அனுப்பியிருக்கிறீர்கள், பெரியப்பா. அதைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்தேன், மருத்துவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்" என்று தொடங்கலாம். சரியான தகவலை முதலில் சொல்லி, தவறு எங்கே என்று நடுவில் காட்டி, சரியானதையே மறுபடியும் சொல்லி முடியுங்கள். "வேண்டுமானால் நீங்களே குழுவில் இந்தத் திருத்தத்தைப் போட்டுவிடுங்கள்" என்று அவர் கையிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது. பலர் மகிழ்ச்சியோடு செய்திருக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு. மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்தி, எதையாவது குடிக்கச் சொல்லும் செய்தி என்றால் தனியாக அழைத்துப் பேசும் வரை காத்திருக்க வேண்டாம். மரியாதையான சொற்களில், குழுவிலேயே, உடனே எழுதுங்கள். 2020இல் கொரோனாவுக்குச் சாராயம் மருந்து என்ற வதந்தியை நம்பி மெத்தனால் கலந்ததைக் குடித்து ஈரானில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

14. நான் பகிர்ந்த செய்தி தவறு என்று பிறகு தெரிந்தது. அழித்துவிட்டேன். போதாதா?

போதாது. நீங்கள் அழித்தது உங்கள் திரையில். அதற்குள் அது எத்தனை கை மாறியதோ. எங்கெல்லாம் அனுப்பினீர்களோ அங்கெல்லாம், "நேற்று நான் அனுப்பியது தவறான தகவல். சரியானது இது" என்று எழுதுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எங்கள் குழுவில் ஒருமுறை நானே அப்படி எழுத வேண்டி வந்தது. யாரும் கேலி செய்யவில்லை. இரண்டு பேர் தாங்களும் அனுப்பிய இடங்களில் திருத்தம் போட்டார்கள்.

15. உண்மையாகவே எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய். உதவி கேட்டே ஆக வேண்டும். மனத்தில் இருப்பதை எழுதினால் எங்களையும் ஏமாற்றுக்காரர்கள் என்பார்களோ?

மனத்தில் இருப்பதைத் தாராளமாக எழுதுங்கள். முதல் பதிலில் சொன்ன முதல் வகைச் செய்தி உங்களுடையது. உங்கள் பயம், உங்கள் சோர்வு, உங்கள் நன்றி எல்லாம் அதில் இருக்கலாம். படிப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வரிகளை மட்டும் தவிருங்கள். என்ன நோய், எந்த மருத்துவமனை, எவ்வளவு தேவை, இதுவரை எவ்வளவு கிடைத்திருக்கிறது, எந்தத் தேதி வரை இந்த வேண்டுகோள் செல்லும், விசாரிக்க யாரை அழைப்பது ஆகியவற்றை எழுதுங்கள். எண் நோயாளியுடையதாக இருக்க வேண்டாம். திடமாகப் பேசக்கூடிய உறவினர் ஒருவருடையதாக இருக்கட்டும். தேவை நிறைவேறியதும் "நிறைவேறியது, இனி பகிர வேண்டாம்" என்று எல்லா இடத்திலும் போடுங்கள்.

உணர்ச்சியும் கொண்டாட்டமும் சேர்ந்து நல்லது நடந்த கதையும் உண்டு. 2014இல் தலையில் பனிக்கட்டி கலந்த நீரைக் கொட்டிக்கொள்ளும் சவால் உலகெங்கும் பரவியது. நரம்புகளைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு அந்தக் கோடையில் மட்டும் 11.5 கோடி டாலர் வந்து சேர்ந்தது. ஆராய்ச்சிக்குப் போன பணத்தின் துணையோடு, அந்நோயுடன் தொடர்புடைய ஒரு மரபணுவை 2016இல் கண்டறிந்தார்கள். பணம் போகும் இடம் தெளிவாக இருந்தது, கேட்டது யார் என்றும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

16. இப்படி ஒவ்வொன்றையும் சந்தேகித்துக்கொண்டே இருந்தால் மனம் கல்லாகிவிடாதா?

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தது வேறு. தினமும் இருபது பரிதாபச் செய்திகளை வாங்கி இருபதையும் அப்படியே பகிர்ந்துவிடுகிறவருக்குத்தான் மனம் மரத்துப்போகிறது. பகிர்ந்ததோடு கடமை முடிந்தது என்ற நிறைவும் வந்துவிடுகிறது. இரண்டாம் பதிலில் சொன்ன பெருமிதம் செய்யும் வேலை அது. ஒன்றை எடுத்து விசாரித்து, உண்மை என்று கண்டு, அதற்காக எழுந்து போகிறவருக்கு அப்படி ஆவதில்லை.

நாலாவது பதிலில் சொன்ன தந்தை கேட்டுக்கொண்டபடி, அந்தச் செய்தி எனக்கு வந்த குழுவில் அன்றே எழுதினேன்: "இது பழைய செய்தி. தேவை இப்போது இல்லை. அந்த எண்ணை அழைக்க வேண்டாம்." பலர் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் மட்டும், "அப்படியானால் இப்போது யாருக்குத் தேவை?" என்று கேட்டார். மறுவாரம் ரத்த வங்கிக்கு வந்து கொடுத்தார். அதன் பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். போன தடவை, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, அந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டார். செய்தியில் பெயர் இருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.